சங்கு ஊதிய நாளில் பிறந்தவர்கள்

1. முதலாளி போட்ட ஆர்டர்

வருகிற வெள்ளிக்கிழமை எப்படியாவது ஒரு குழந்தை பிறந்தாக வேண்டும் என்று எனக்கு ஆர்டர் வந்தது. நர்ஸ் வேலையில் எத்தனையோ விதமான ஆர்டர் பார்த்திருக்கிறேன். டாக்டர் போடுவார், மேட்ரன் போடுவார், மாமியார்கள்கூடப் போடுவார்கள். பிள்ளை எந்தக் கிழமை வர வேண்டும் என்று ஆர்டர் போட்டவர் எங்கள் தோல் ஷாப் முதலாளி ஒருவர்தான்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளின் கடைசி அது. வேலூரில் மிஷன் ஆஸ்பத்திரி ஒன்றில் டிரெயினிங் முடித்துவிட்டு, ஆம்பூருக்குப் பக்கத்தில் பாலாற்றை ஒட்டியிருந்த ஒரு தோல் ஷாப்பில் சேர்ந்திருந்தேன். டேனரி என்று எழுத்தில்தான் எழுதுவோம். வாயில் வருவது தோல் ஷாப்தான். அங்கே வேலை செய்கிற குடும்பங்களுக்காக முதலாளி நாலு கட்டில் போட்டு ஒரு பிரசவ வார்டு கட்டியிருந்தார். அதற்கு நர்ஸ், மேட்ரன், கம்பவுண்டர் எல்லாம் நான்தான். சுண்ணாம்புக் குழி வாடையும் ஆவாரம் பட்டை வாடையும் கலந்து வருகிற காற்றில், பினாயில் வாடை எனக்கே தெரியாது.

முதலாளி ஹஜ் போய் வந்தவர். எல்லோரும் அவரை சாகிப் என்றே கூப்பிடுவோம். என்னை அவர் பேட்டி என்பார், மகளே என்று அர்த்தம். நல்ல மனுஷன். ஆனால் நாள்கள் மேல் அவருக்கு ஒரு பித்து. எந்த நாளில் என்ன நடந்தது, யார் பிறந்தது என்று மனசுக்குள்ளேயே அடுக்கி வைத்திருப்பார். குழிகளைச் சுற்றிப் பார்த்துக்கொண்டே வருவார், திடீரென்று நிற்பார்.

"பேட்டி, வாணியம்பாடிக்கு மொதோ சைக்கிள் வந்துச்சே, அது இதே நாள்தான். ஏறுனவன் நேரா கொளத்துல போய் விழுந்தான். அன்னைக்கு சாயங்காலம் என் தம்பி பொறந்தான். இன்னைக்கு வரைக்கும் அவனும் எதுலயாவது போய் விழுந்துகினேதான் கீறான்."

அந்த வருஷம் ஷாப்புக்கு ஒரு பாய்லர் வந்தது. அதுவரை ஆவாரம் பட்டையைப் பெண்கள் கையால் இடித்துக்கொண்டிருந்தார்கள். இனி நீராவியில் ஓடும் மிஷின் அரைக்கும். கூடவே வேலை நேரத்துக்கு ஊதுகிற ஒரு சங்கும் உண்டு. வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுகை முடிந்ததும் அந்தச் சங்கை முதன்முதலாக ஊதி பாய்லரைத் தொடங்கி வைப்பதாக ஏற்பாடு.

"சங்கு மட்டும் ஊதினா அது மொட்டை நாள், பேட்டி. ஒரு பொறப்பும் இருக்கணும். அப்பத்தான் நெறஞ்ச நாள்" என்றார் முதலாளி.

அதோடு விட்டிருந்தால் எனக்கு வேலை மிச்சம். ஷாப்புக்குப் பின்னால் புதிதாக ஒரு வரிசை லைன் வீடு கட்டியிருந்தார். கல் சுவர், ஓட்டுக் கூரை. எல்லா வீட்டுக்கும் ஆள் சொல்லியாகிவிட்டது. இரண்டு ரூம் உள்ள மூலை வீடு மட்டும் பாக்கி. திங்கட்கிழமை ஆட்களையெல்லாம் கூட்டி வைத்துச் சொல்லிவிட்டார்:

"வெள்ளிக்கிழமை நம்ம ஆளுங்க வீட்ல எந்தக் கொழந்த பொறக்குதோ, அந்தக் குடும்பத்துக்கு மூலை வீடு."

2. நிறைமாதக்காரர்கள்

அப்போது என் கணக்கில் நிறைமாதமாக இருந்தவர்கள் இரண்டே பேர்.

ஒருத்தி நூருன்னிசா. தோலில் சதை எடுக்கிற வேலை பார்க்கும் கரீமின் மனைவி. ஏற்கெனவே இரண்டு பிள்ளைகள். கரீமின் அண்ணன் வீட்டில் பின்பக்கத்து ரூம் ஒன்றில் குடும்பமே அடைந்து கிடந்தது. அவளுக்கு வாழ்க்கையில் ஒரே ஆசை, ஓர்ப்படியின் தயவில்லாமல் சொந்தமாக ஓர் அடுப்பு மூட்டுவது.

இன்னொருத்தி கன்னியம்மா. சுண்ணாம்புக் குழியில் நின்று தோலைப் புரட்டுகிற ஏழுமலையின் மனைவி. தலைப் பிரசவம். ஆற்றங்கரையில் பனையோலைக் குடிசை. ஆறு எப்போதும் வறண்டுதான் கிடக்கும் என்பதால் கரையென்றும் மணலென்றும் பார்க்காமல் குடிசை போட்டிருந்தார்கள். மேலே மழை பெய்தால் கூரை ஒழுகும். கன்னியம்மா கூரையைப் பார்த்துவிட்டுத்தான் பாயை எங்கே விரிப்பது என்று முடிவு செய்வாள். பிறக்கப் போகிற பிள்ளையை எந்த மூலையில் போடுவது என்பது அவளுடைய பெரிய கவலை.

அந்தத் திங்கட்கிழமை முதல் இரண்டு புருஷன்மாரும் என்னைத் தூங்க விடவில்லை. கரீம் கொய்யாப்பழம் கொண்டுவந்தான். ஏழுமலை முருங்கைக்காய் கொண்டுவந்தான். இருவரும் கேட்டது ஒன்றுதான்.

"நர்ஸம்மா, வெள்ளிக்கிழம வரிக்கும் கொஞ்சம் புடிச்சி வைக்க முடியாதா?"

"வயித்துக்குள்ள இருக்கறது இன்னா ரயில்வே பார்சலா, கூட்ஸ் ஷெட்ல போட்டு வைக்க? போய் வேலையப் பாருங்க" என்று இரண்டு பேரையும் விரட்டினேன். பழத்தையும் காயையும் திருப்பிக் கொடுக்கவில்லை.

3. வியாழன் அந்தி

நூருன்னிசாவுக்கு வியாழக்கிழமை மத்தியானமே வலி கண்டுவிட்டது. மூன்றாவது பிரசவம், தங்காது. கரீமுக்கு வீடு போச்சே என்று எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது. அவனோ வாசலில் குட்டி போட்ட பூனையாகச் சுற்றிக்கொண்டு வேறு ஏதோ கணக்குப் போட்டுக்கொண்டிருந்தான்.

"நர்ஸம்மா, மக்ரிப் பாங்கு சொல்ற வரிக்கும் தாங்குமா? அது போதும்."

பாங்குச் சத்தம் கேட்டது. ஊரில் விளக்கு வைத்தார்கள். நூருன்னிசா மூச்சைப் பிடித்து முக்கினாள். ஆண் குழந்தை, நல்ல எடை, பிறந்தவுடனேயே எட்டு ஊருக்குக் கேட்கிற குரல். துணியில் சுற்றி வெளியே கொண்டுவந்து காட்டினேன்.

கரீம் குதித்தான். "ஜும்மால பொறந்துட்டான்! மூலை வீடு நமக்குத்தான்!"

"இன்னிக்கி வியாழக்கிழமைப்பா" என்றேன்.

"இன்னா நர்ஸம்மா, வெளக்கு வச்சாச்சே. வியாழன் போய்ட்டான். பொழுது சாஞ்சா அடுத்த நாள் வந்துடும். எங்களுக்கு இது ஜும்மா ராத்திரி."

எனக்கும் அது தெரியாத விஷயமில்லை. நோன்புப் பிறை தெரிந்த ராத்திரியே அடுத்த மாசம் பிறந்துவிட்டதென்று ஊர் முழுக்கக் குதூகலிப்பதை வருஷாவருஷம் பார்க்கிறவள்தான். ஆனாலும் அந்தக் கணக்கு மூலை வீட்டு வாசல் வரை வந்து நிற்கும் என்று நான் நினைக்கவில்லை. சந்தோஷத்தில் இருக்கிறவனோடு எதற்கு வாயைக் கொடுப்பது என்று உள்ளே போய்விட்டேன்.

4. சங்கு நிற்கவில்லை

வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்ததும் ஷாப் வாசலில் நிற்க இடமில்லை. முதலாளி புது ஷெர்வானியில் வந்திருந்தார். பாய்லர் பக்கத்தில் எங்கள் மானேஜர் நின்றிருந்தார். மெட்ராஸ்காரர். சட்டைப்பையில் சங்கிலி போட்ட கடிகாரம், அதை ஆம்பூர் ஸ்டேஷன் கடிகாரத்தோடு சரிபார்க்காமல் காலைக் காப்பி குடிக்க மாட்டார். ஊருக்கெல்லாம் ஒரு நேரம் என்றால் அவருக்கு ரயில்வே டைம்.

"ரெண்டு மணி. இழு!" என்றார்.

பாய்லர் டிரைவர் சங்குக் கம்பியை இழுத்தான். புஸ் என்று ஒரு சத்தம். அவ்வளவுதான். கூட்டம் சிரித்தது. மறுபடி இழுத்தான். இந்தத் தடவை ஊதியது பாருங்கள், என் வார்டு ஜன்னல் கண்ணாடியெல்லாம் அதிர்ந்தது. எல்லோரும் கை தட்டினார்கள். பட்டை இடித்து இடித்துத் தோள்பட்டை இறங்கிப்போன பெண்கள்தான் முதலில் தட்டியது. முதலாளிக்குக் கண் கலங்கிவிட்டது.

கை தட்டி ஓய்ந்தார்கள். சங்கு ஓயவில்லை. கம்பி எங்கேயோ மாட்டிக்கொண்டது. டிரைவர் தொங்கிப் பார்த்தான், மானேஜர் தொங்கிப் பார்த்தார். அது பாட்டுக்கு ஊதிக்கொண்டே இருந்தது. ரோட்டில் தோல் ஏற்றி நின்ற வண்டியின் மாடுகள் மிரண்டு, பச்சைத் தோல் கட்டுகளோடு ஆற்றை நோக்கி ஓடின. வண்டிக்காரன் பின்னால் ஓடினான். அவன் பின்னால் பத்துப் பேர், அவர்கள் பின்னால் ஊரே ஓடியது.

ஓடினவர்கள் கரையில் போய் அப்படியே நின்றுவிட்டார்கள். மாடுகளும் நின்றுவிட்டன. வறண்ட மணலில், நுரையைத் தள்ளிக்கொண்டு, செத்தையும் சருகுமாகத் தண்ணீர் வந்துகொண்டிருந்தது. மேற்கே மலையில் எங்கேயோ நல்ல மழை. பாலாற்றில் தண்ணீரைப் பார்த்து எத்தனையோ வருஷமாகிவிட்டது. கிழவர்கள் விழுந்து கும்பிட்டார்கள். பொடிசுகள் தண்ணீருக்கு முன்னால் ஓடிக்காட்டின. என் வெள்ளைச் சேலை சேறாகிறது என்ற நினைப்பே இல்லாமல் நானும் முழங்கால் அளவுத் தண்ணீரில் நின்றேன். சந்தோஷத்தில் யார் கையை யார் பிடித்தோம் என்றுகூட நினைவில்லை.

சங்கு ஊதித்தான் ஆறு வந்தது என்று ஆம்பூர் ஆட்கள் இன்றைக்கும் சொல்வார்கள். மானேஜர் மட்டும், "ஸ்டீம் தீர்ந்துது, சங்கு நின்னுது. அவ்வளவுதான் சார்" என்று முதலாளியிடம் ரிப்போர்ட் கொடுத்தார்.

5. விடிந்தால் சனி

சாயங்காலம் ஆறு கரையைத் தொட்டது. ஆற்றங்கரைக் குடிசைகளுக்குள் முட்டியளவு தண்ணீர். பானையும் பாயும் மிதந்தன. அந்த அலைச்சலில் கன்னியம்மாவுக்கு வலி வந்துவிட்டது. மத்தியானம் பறந்த அதே தோல் வண்டியில் அவளை ஏற்றிக்கொண்டு வந்தான் ஏழுமலை. இப்போது மாடுகள் நடக்கவே மாட்டேன் என்றன. ஏழுமலை கீழே இறங்கி அவற்றோடு சேர்ந்து வண்டியை இழுத்தான்.

தலைப் பிரசவம் அவ்வளவு சீக்கிரம் ஆகாது. பொழுது வெளுக்கப் போகிற நேரத்தில்தான் பெண் குழந்தை பிறந்தது. சின்ன உடம்பு, நிறைய முடி. வெளியே போய்ச் சொன்னேன். ஏழுமலை கிழக்கே அண்ணாந்து பார்த்தான். வானம் இன்னும் சிவக்கவில்லை.

"பொழுது விடியல இல்ல, நர்ஸம்மா?"

"விடியல."

"அப்ப வெள்ளிக்கிழமதான். விடிஞ்சாத்தானே சனி" என்று சொல்லிவிட்டு, முகத்தை மூடிக்கொண்டு அழுதான். "தண்ணி எல்லாத்தையும் அடிச்சிகினு போய்ட்ச்சி. ஆனா வீடு கெடச்சிட்ச்சி நர்ஸம்மா."

என் கையில் இருந்த குழந்தை அந்த நேரம் பார்த்துக் கொட்டாவி விட்டது. உள்ளே பக்கத்துக் கட்டிலில் கரீமின் பிள்ளை, அதே வீட்டுக்குச் சொந்தக்காரனாகத் தூங்கிக்கொண்டிருந்தான்.

6. எந்த வெள்ளிக்கிழமை?

ஞாயிற்றுக்கிழமை காலையில் வார்டு வராந்தாவில் பஞ்சாயத்து. முதலாளி நாற்காலியில் உட்கார்ந்தார். மானேஜர் நின்றார். ஒரு பக்கம் கரீம், இன்னொரு பக்கம் ஏழுமலை. வார்டுக் கதவில் திரை தொங்கியது. திரைக்குப் பின்னால் இரண்டு தாய்மாரும் காதைத் தீட்டிக்கொண்டு படுத்திருந்தார்கள். நான் திரைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக நின்றேன்.

"பேட்டி, ரெண்டும் எப்போ பொறந்துச்சு?" என்றார் முதலாளி.

சொன்னேன். நேரத்தில் ஒருவருக்கும் சண்டை இல்லை. வியாழன் விளக்கு வைத்த பிறகு ஒன்று, வெள்ளி போய்ச் சனி விடிவதற்கு முன்னால் ஒன்று. எல்லோரும் தலையாட்டினார்கள். எந்த நாள் என்பதில்தான் சண்டை.

"சாகிப், உங்களுக்குத் தெரியாததா? மக்ரிப் ஆச்சுன்னா ஜும்மா வந்தாச்சு. ஏழுமலை பொண்ணு பொறந்தப்போ ஜும்மா முடிஞ்சு சனி பாதி ஓடிப்போச்சு" என்றான் கரீம்.

ஏழுமலை விடுவானா? "நீங்க அன்னிக்கி வெள்ளிக்கிழமன்னுதானே சொன்னீங்க மொதலாளி? ஜும்மான்னு சொல்லலியே. வெள்ளிக்கிழம பொழுது மொளச்சா ஆரம்பம், மறுபடி பொழுது மொளச்சா முடிவு. கரீம் புள்ள பொறந்தது வியாழக்கிழம ராத்திரி. ஊர்ல யார வேணா கேளுங்க."

"சாகிப் வாயில வெள்ளின்னு சொன்னாலும் மனசுல நெனச்சது ஜும்மாதான்!" என்றான் கரீம்.

"மனசுல நான் நெனச்சது பாய்லர் ஒழுங்கா ஊதணும்னுதாம்பா. அதுவே நடக்கல" என்றார் முதலாளி.

சிரித்துக்கொண்டு சொன்னாரே தவிர, அவர் முகம் சரியாக இல்லை. அவர் சங்கடம் எனக்குப் புரிந்தது. தன் வழக்கப்படி நாளை எண்ணினால் கரீம் பிள்ளைக்குத்தான் வீடு. அப்படிக் கொடுத்தால், தன் ஆளுக்குக் கொடுத்துக்கொண்டார் என்று ஷாப்பில் பேச்சு வரும். ஏழுமலைக்குக் கொடுத்தால் தன் நாளையே தான் மதிக்கவில்லை என்று ஆகும்.

மானேஜர் கடிகாரத்தை எடுத்தார். "சார், இதுல குழப்பமே இல்ல. ஆபீஸ் நாள் ராத்திரி பன்னெண்டுக்கு ஆரம்பிச்சு ராத்திரி பன்னெண்டுக்கு முடியும். அதன்படி பார்த்தா வெள்ளிக்கிழமை இந்த ஷாப்ல ஒரு குழந்தையும் பிறக்கல. ஒண்ணு வியாழன், ஒண்ணு சனி. மூலை வீட்டை பாய்லர் டிரைவருக்குக் கொடுத்துடலாம். அவனும் தங்க இடமில்லாமதான் இருக்கான்."

அதுவரை ஒருவரையொருவர் முறைத்துக்கொண்டிருந்த இரண்டு பேரும் ஒரே நேரத்தில் மானேஜர் பக்கம் திரும்பினார்கள்.

"ரெண்டும் பொறக்கவே இல்லியா? அப்ப உள்ள கத்திகினு கீறது இன்னா சார்?" என்றான் ஏழுமலை.

"நல்லாக் கேளு!" என்றான் கரீம். உடனே எதிராளி பக்கம் பேசிவிட்டோமே என்று ஞாபகம் வந்து தள்ளி நின்றுகொண்டான்.

நான் உள்ளே போனேன். கன்னியம்மா என் முந்தானையைப் பிடித்து இழுத்தாள். "அந்த ஆள சண்ட போட வேணாம்னு சொல்லுங்க நர்ஸம்மா. வீடு கரீம் பாய்க்கே போவட்டும். தண்ணி எறங்கினதும் நாங்க ஆத்தங்கரைலயே மறுபடியும் குடிசை போட்டுக்கறோம்." சொல்லிவிட்டுக் குழந்தையின் தலையைச் சேலையால் மூடினாள், வார்டுக் கூரைக்குக் கீழேயும் மழை ஒழுகும் என்பதுபோல. ஈரச் சேற்றில் பிறந்து ஒரு நாளே ஆன குழந்தையை வைத்துக்கொண்டு என்ன செய்வாள்?

வெளியே சத்தம் ஏறிக்கொண்டே போனது. அந்த இரைச்சலில் கன்னியம்மாவின் குழந்தை விழித்துக்கொண்டு வீறிட்டது. பசி. முதல் பிள்ளை என்பதால் கன்னியம்மாவுக்கு இன்னும் பால் சுரக்கவில்லை. நான் சர்க்கரைத் தண்ணீர் எடுக்கத் திரும்பினேன். அதற்குள் பக்கத்துக் கட்டிலிலிருந்து நூருன்னிசா எட்டிக் குழந்தையைத் தூக்கிக்கொண்டாள். அழுகை பட்டென்று நின்றது.

வெளியே எல்லோரும் வாயை மூடினார்கள்.

"பேட்டி, கொழந்த ஏன் திடீர்னு நிறுத்திடுச்சு? நல்லாத்தானே கீது?" என்று முதலாளி பதறினார்.

"நல்லா இருக்கு சாகிப். பால் குடிக்குது."

"தாய்க்குப் பால் வரலன்னு நேத்து சொன்னியே?"

"நூருன்னிசா குடுக்கறா."

"யாரு கொழந்தைக்கு?"

"கன்னியம்மா குழந்தைக்கு."

திரைக்குப் பின்னாலிருந்து நூருன்னிசாவே சொன்னாள்: "என் புள்ள குடிச்சிட்டுத் தூங்குது சாகிப். இந்தப் பொண்ணு பசில கத்துது, பாத்துகினு சும்மா இருக்க முடியுமா? நேத்துலேர்ந்து எங்கிட்டதான் குடிக்குது. நர்ஸம்மாவுக்குத் தெரிஞ்சா திட்டுவாங்கன்னு சொல்லல."

திட்டியிருப்பேன்தான். அவரவர் கட்டிலோடு அவரவர் பிள்ளை என்பது டிரெயினிங்கில் எனக்குச் சொல்லிக் கொடுத்த சட்டம்.

முதலாளி நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். முகம் மாறிவிட்டது. "கரீம், உனக்கு எத்தினி புள்ளைங்க?"

"மூணு சாகிப்."

"தப்பு. நாலு."

கரீம் விழித்தான். அப்புறம் அவனுக்கும் உறைத்தது. தலையில் கை வைத்துக்கொண்டான்.

முதலாளி ஏழுமலையைக் கூப்பிட்டுப் பக்கத்தில் நிறுத்தினார். "ஏழுமலை, கேட்டுக்க. ஒரு கொழந்தைக்குப் பால் குடுத்தா அவளும் அதுக்குத் தாய். ஒரு தாய்கிட்ட குடிச்ச புள்ளைங்க ரெண்டும் கூடப் பொறந்ததுங்க. நானா சொல்லல, எங்க மார்க்கத்துல அப்படித்தான். இனிமே உம் பொண்ணுக்கு ஓர் அண்ணன் இருக்கான். நாளைக்கு இந்த ரெண்டுத்துக்கும் நிக்காஹ் பண்ணணும்னு எவனாவது சொன்னாகூட நடக்காது."

"அப்ப வீடு மொதலாளி?" என்றான் ஏழுமலை. அவனுக்கு அதுதான் முக்கியம்.

"அண்ணங்காரன் வியாழன் அந்தில வந்து நாளைத் தொறந்தான். தங்கச்சி விடியறதுக்கு முன்னாடி வந்து நாளை மூடினா. சங்கு, ஆறு எல்லாம் நடுவுல. நாள் நெறஞ்சு போச்சுப்பா! ஒரே குடும்பம், ஒரு வீடு, ரெண்டு ரூம். குடுத்தாச்சு."

"சார், பாய்லர் டிரைவர்?" என்றார் மானேஜர்.

"அவன் ஒண்டிக்கட்டைதானே? உங்க பங்களா வெளி ரூம்ல படுக்கட்டும்."

அந்த டிரைவரின் குறட்டைக்கு வால்வே கிடையாது என்று மானேஜர் பின்னால் என்னிடம் புலம்பியது தனிக் கதை.

ஏழுமலை இன்னும் யோசித்துக்கொண்டிருந்தான். "அப்ப கரீம் எனக்கு இன்னா மொற ஆவணும்? புள்ளைங்க அண்ணன் தங்கச்சின்னா சம்மந்தி ஆவ முடியாது..."

"பங்காளி" என்றேன் நான்.

"பங்காளின்னா வீட்டுக்காக சண்ட போட்டுக்கலாம் இல்ல?" என்று கரீம் கேட்டான். வராந்தாவே சிரித்தது. மானேஜர்கூடக் கடிகாரத்தை உள்ளே போட்டுவிட்டுச் சிரித்தார்.

சிரிப்பு அடங்கும் முன் திரைக்குப் பின்னாலிருந்து நூருன்னிசாவின் குரல் வந்தது: "சாகிப், எல்லாம் ஒண்ணாவே இருக்கட்டும். அடுப்பு மட்டும் ரெண்டு போடச் சொல்லுங்க."

7. இதிலிருந்து நான் எடுத்துக்கொண்டது

இப்போது டிரெயினிங் முடித்து வருகிற பெண்கள் என்னைக் கேட்பதுண்டு, இத்தனை வருஷ வேலையில் என்ன கற்றுக்கொண்டீர்கள் என்று. கொடி சுற்றிய குழந்தை, தலைக்கு முன்னால் கால் வந்த குழந்தை என்று சொல்ல எவ்வளவோ இருக்கிறது. ஆனால் நான் முதலில் சொல்வது இதைத்தான். பிறந்த நேரத்தை நீங்கள் சரியாகப் பாருங்கள், அது உங்கள் வேலை. என்ன நாள் என்று தகப்பன் கேட்டால் அவசரப்பட்டுச் சொல்லிவிடாதீர்கள். அந்த வீட்டில் நாள் எப்போது தொடங்குகிறது என்று முதலில் கேளுங்கள். ஒரே ஊரில், ஒரே சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும், விளக்கு வைத்தால் நாள் மாறுகிறவர்களும் பொழுது விடிந்தால் நாள் மாறுகிறவர்களும் இருக்கிறார்கள். யாரும் பொய் சொல்லவில்லை. சட்டத்தைப் பற்றியும் ஒன்று சொல்வேன். அவரவர் கட்டிலோடு அவரவர் பிள்ளை என்பது நல்ல சட்டம்தான். பசித்த பிள்ளைக்கு அது தெரியாது.

ஏழுமலை தன் பெண்ணுக்குப் பாலம்மா என்று பெயர் வைத்தான். பாலாறு வந்ததற்காகவா, பால் கொடுத்ததற்காகவா என்று கேட்டேன். "ரெண்டுத்துக்குந்தான்" என்றான். முதலாளி அந்த நாளைத் தன் மனசு அடுக்கில் சேர்த்துக்கொண்டார். பார்க்கிறவர்களிடமெல்லாம், "அன்னைக்கு எங்க சங்கு ஊதுச்சு, ஆறு வந்துச்சு, ஒரே குடும்பத்துல ரெண்டு பொறந்துச்சு" என்று சொல்லி, எதிரே இருக்கிறவர் இரட்டைக் குழந்தையா என்று கேட்கும்வரை காத்திருப்பார்.

சுவர்ப் பூச்சு காய்ந்ததும் மூலை வீட்டுக்குக் குடி வந்தார்கள். பால் காய்ச்ச என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். ஓர் அடுப்பில் கன்னியம்மா பாலைப் பொங்கவிட்டாள். மறு அடுப்பில் நூருன்னிசா சேமியாவை நெய்யில் வறுத்துக்கொண்டிருந்தாள். தன் அடுப்பில் யாரையும் ஒரு குச்சி வைக்கவிடவில்லை. இரண்டு குழந்தைகளும் ஒரே பாயில் கிடந்தன. கரீம், இன்று சனியா வெள்ளியா என்று கேட்டு மானேஜரை வம்புக்கு இழுத்துக்கொண்டிருந்தான்.

அந்த நேரம் நல்ல மழை பிடித்துக்கொண்டது. எல்லோரும் உள்ளே ஓடிவந்தோம். ஏழுமலை மட்டும் முற்றத்தில் தொப்பலாக நனைந்தபடி, ஓடுகளை ஒவ்வொன்றாக அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றான். எங்கே ஒழுகும், பாயை எங்கே நகர்த்துவது என்று பார்த்துப் பார்த்துப் பழகியவன். கன்னியம்மா பாயைப் பார்த்தாள், கூரையைப் பார்த்தாள். பாய் போட்ட இடத்திலேயே இருந்தது. அவள் முகத்தில் அன்று பார்த்த சிரிப்பை அதற்கு முன்னால் நான் பார்த்ததில்லை.

வாசலுக்குப் போய் அவனைக் கூப்பிட்டாள்.

"உள்ள வாய்யா. மழ வெளியதான் பேயுது."